முஹம்மதன் ஸ்போர்டிங் நமக்குச் சொல்வது என்ன?

ஏக இறைவனின் திருப்பெயரால்.



முஸ்லிம் பெயரைத் தாங்கிய கால்பந்துக் கழகம் ஒன்று இந்நாட்டில் 130 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது. கொல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்டிங் கழகமே அது. 2024 ஏப்ரல் 6 அன்று ஷில்லாங் நகரில், அவ்வூரின் லஜோங் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று, அக்கழகம் முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழகத்தில் அன்று ரமலான் பிறை 26. மஃரிப் நேரத்துடன் 27-ஆம் இரவு தொடங்கியது. பள்ளிவாசல்களில் இரவு வணக்கத்திற்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த நம்மில் பலருக்கு அச்செய்தி எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும், பந்தாட்டச் செய்திதானே என்று கடந்து போயிருப்போம்.

கள்ளக்குறிச்சியில் வாழும் எங்களுக்கோ அந்தக் கழகத்தின் வரலாறு இன்று நேரடித் தேவையாகிவிட்டது. எங்கள் முஹல்லாவின் இளைஞர்கள் கால்பந்து அணியொன்றைத் தொடங்க ஜமாஅத்தின் ஆதரவைக் கேட்டிருக்கிறார்கள். அணிக்கு என்ன பெயர் சூட்டுவது, அதில் யார் யார் ஆடலாம் என்னும் இரு கேள்விகளில் பெரியவர்கள் இரண்டு கருத்தாக நிற்கிறார்கள். முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இதே கேள்விகளை நமக்கு முன்பே ஒரு சமுதாயம் சந்தித்து, வென்றும் தோற்றும் பாடம் கற்றிருக்கிறது. அதை அறியாமல் முடிவெடுப்பது சரியன்று என்பதால் இதனை எழுதுகிறோம்.

எங்கள் ஊரும் மலையும்

முதலில் எங்கள் ஊரின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் தனி மாவட்டமான ஊர் கள்ளக்குறிச்சி. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. அம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று பலர் எண்ணுவதுண்டு. அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். மலைக்கிராமங்களின் பிள்ளைகள் பலர் மேல்படிப்புக்காகக் கீழே இறங்கி, விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஒப்பாரி கேட்ட நாட்கள் அவை. அதன் பின்னர் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலையில் சாலை இல்லை, மருத்துவம் எட்டவில்லை, பிழைப்புக்கு வழி குறைவு என்பதெல்லாம் அப்போதுதான் வெளியுலகின் செவியில் விழுந்தது. ஆனால் ஊர்ப் பேச்சில் நிலைத்ததோ வேறொன்று: மலை என்றாலே சாராயம் என்னும் அவச்சொல். மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளையும் செய்யாத குற்றத்துக்கு அந்தச் சொல்லைச் சுமக்கிறான்.

மதுவை மார்க்கம் விலக்கியிருக்கிறது என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். நல்லது. ஆனால் மாலை நேரத்தில் ஓர் இளைஞன் எங்கே போவான், யாரோடு இருப்பான் என்பதற்கு நம்மிடம் விடை வேண்டுமல்லவா? எங்கள் இளைஞர்கள் முன்வைத்த விடைதான் கால்பந்து அணி. விடுமுறை நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் கோலோச்சும் இவ்வூரில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பந்தின் பின்னே ஓடுவது இன்னமும் வேடிக்கை பார்க்கப்படும் காட்சியே. அவர்களுடன் விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப் பிள்ளைகள் நால்வரும் ஆடுகிறார்கள். அவர்களுள் ஒருவன் காலணி இல்லாமலே ஆடி, அனைவரையும் விட வேகமாக ஓடுகிறான். எங்கள் பிள்ளைகளை அவன் 'அண்ணே' என்றழைப்பதும், மஃரிப் பாங்கு ஒலித்ததும் பந்தைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பதும் நாங்கள் கண்ட காட்சிகள்.

ஜமாஅத்தின் ஆதரவு என்றதும் கேள்வி எழுந்தது. ஒரு பெரியவர், "நம் காசில் நடக்கும் அணி, நம் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும், தம்பி. நாளைக்கு ஒரு சொல் வந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். இன்னொருவர் நேர்மாறாக, "இன்றைய காலத்தில் முஸ்லிம் பெயரே வேண்டாம். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார். இருவரும் சமுதாயத்தின் நலத்தைக் கருதியே பேசினார்கள். ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு வாசலை அடைக்கச் சொல்கிறார். மற்றவர் வாசலைத் திறந்து பெயரை மறைக்கச் சொல்கிறார். முஹம்மதன் ஸ்போர்டிங்கின் வரலாறு இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழியைக் காட்டுகிறது.

எப்படித் தொடங்கியது?

கொல்கத்தாவில் 1887-இல் முஸ்லிம் பிரமுகர்கள் சிலர் ஜூபிலி கழகம் என்ற ஒன்றைத் தொடங்கினர். அது பின்னர் வேறு பெயர்கள் பெற்று, 1891-இல் முஹம்மதன் ஸ்போர்டிங் கழகம் ஆனது. அன்றைய இந்தியாவில் விளையாட்டு பெரும்பாலும் சமூகப் பிரிவுகளின்படியே அமைந்திருந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஐரோப்பியருக்குத் தனிக் கழகங்கள் இருந்தன. பம்பாயில் கிரிக்கெட் போட்டிகளே இந்து அணி, பார்சி அணி, முஸ்லிம் அணி, ஐரோப்பிய அணி என்று நடந்தன. சென்னையிலும் பொங்கலையொட்டி ஐரோப்பியரும் இந்தியரும் தனித்தனி அணியாக மோதிய கிரிக்கெட் ஆட்டம் புகழ்பெற்றிருந்தது. அத்தகைய சூழலில் முஸ்லிம்கள் தமக்கென ஒரு கழகம் அமைத்ததில் வியப்பில்லை. உள்ளே வர இடமில்லாதபோது தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வது மனித இயல்பு.

கல்கத்தா கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. முதல் 36 ஆண்டுகள் அதன் பட்டத்தை ஆங்கிலேயர் கழகங்களும் பட்டாள அணிகளுமே எடுத்துச் சென்றன. இந்திய அணி ஒன்று ஆங்கிலேயரை வெல்ல முடியும் என்பதை மோகன் பகான் 1911-இல் காட்டியது உண்மை. அவ்வாண்டு ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை அது 2-1 என்று வென்றது. ஆயினும் லீக் என்பது ஒருநாள் வெற்றியன்று. ஒரு பருவம் முழுவதும், வெயிலிலும் மழையிலும் தளராமல் நிற்பவருக்கே அது கிடைக்கும். அந்தப் பட்டம் இந்தியருக்கு எட்டாமலே இருந்தது.

1934-இல் முதல் பிரிவுக்கு உயர்த்தப்பட்ட முஹம்மதன் ஸ்போர்டிங், அவ்வாண்டே லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. அதோடு நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. 1936-இல் லீக் பட்டத்தோடு ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றது. 1940-இல் தில்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தியது. 1888-இல் தொடங்கிய அந்தக் கோப்பை அதுவரை ஓர் இந்திய அணியின் கைக்கு வந்ததில்லை. அதே ஆண்டில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையும் கிடைத்தது.

ரோவர்ஸ் கோப்பையைச் சொல்லும்போது நம் அண்டை ஊரையும் சொல்ல வேண்டும். அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி, 1937-இல் அதை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. கொல்கத்தா தொலைவாகத் தோன்றலாம். பெங்களூர் நமக்குத் தொலைவன்று.

வெற்றியின் காரணம்

இவ்வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் வீரம், ஈமான், சமுதாய உணர்வு என்றெல்லாம் சொல்லி முடித்துவிடுவார்கள். அவை இருந்தன. ஆனால் 1934-க்கு முந்தைய ஆண்டுகளிலும் ஈமானுக்குக் குறைவிருக்கவில்லையே! மாறியது என்ன என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, காலணி. அக்காலத்து இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடினார்கள். காய்ந்த தரையில் அது வேகம் தரும். கொல்கத்தா லீக்கோ மழைக்காலத்தில் நடப்பது. சேறான தரையில் வெறுங்கால் வழுக்கும். காலணி அணிந்த பட்டாள வீரர்கள் ஊன்றி நிற்பார்கள். இந்த உண்மையை முஹம்மதன் ஸ்போர்டிங் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. ஈரத் தரைக்கு ஏற்ற இலேசான காலணிகளை அணிந்து ஆட வீரர்களைப் பழக்கியது. வெறுங்கால் ஆட்டம்தான் நம் பெருமை என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த ஐந்து ஆண்டுகள் வந்திருக்கா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனைச் சார்ந்திருக்கும்படி நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். காலணியும் அப்படிக் கட்டப்பட்ட கயிறுதான்.

இரண்டாவது, தேடல். கழகச் செயலாளராக இருந்த சி.ஏ. அஜீஸ் போன்றோர், கொல்கத்தாவின் தெருக்களோடு நிற்காமல் நாடெங்கும் ஆட்டக்காரர்களைத் தேடினார்கள். பெங்களூரிலிருந்து சிலர் வந்தார்கள். வடமேற்கு எல்லைப் பகுதியிலிருந்து சிலர் வந்தார்கள். பீகாரின் பூர்ணியாவைச் சேர்ந்த, ஆட்டத்தில் மாயவித்தைக்காரர் என்று போற்றப்பட்ட அப்துஸ் சமத் தம் விளையாட்டு வாழ்வின் பிற்பகுதியில் இக்கழகத்துக்கு ஆடினார். மொழி வேறு, உணவு வேறு, ஊர் வேறு. ஆடுகளத்தில் ஓரணி. தன் தெருவின் பிள்ளைக்குத்தான் இடம் என்று அந்த நிர்வாகிகள் நினைத்திருந்தால், ஊர்க் கழகமாகத் தொடங்கியது ஊர்க் கழகமாகவே முடிந்திருக்கும்.

ஸலீம் சென்ற வாசல்

அந்த அணியில் ஆடியவர்களுள் முஹம்மது ஸலீமின் கதையை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கொல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியைச் சேர்ந்தவர். 1936-இல் உறவினர் ஒருவரின் அழைப்பில் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் அவருக்குத் தேர்வு நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் காலணி இல்லாமல், பாதத்தில் துணிக்கட்டுடன் ஆடப்போகிறார் என்பதே அங்கே பெரும் செய்தியாயிற்று. ஹாமில்ட்டன் அணிக்கு எதிராகவும் கால்ஸ்டன் அணிக்கு எதிராகவும் அவர் ஆடினார். இரண்டிலும் செல்டிக் பெருவெற்றி பெற்றது. பத்திரிகைகள் அவருடைய கால்களை வியந்து எழுதின. அவரை அங்கேயே இருத்திக்கொள்ளக் கழகம் விரும்பியது. ஸலீமுக்கு ஊர் நினைவு மிகுந்தது. திரும்பிவிட்டார். தமக்கெனத் தரவிருந்த ஆட்ட வருவாயின் பங்கை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது செல்டிக் கழகத்தின் பிறப்பு. அது 1887-இல் வால்ஃப்ரிட் என்னும் கத்தோலிக்கத் துறவி ஒருவரால் நிறுவப்பட்டது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வறுமையில் உழன்ற அயர்லாந்துக் குடியேறிகளின் குழந்தைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவதே அதன் முதல் நோக்கம். அதாவது அதுவும் ஒரு சமயச் சமூகத்தின் கழகம். தன் பெயரையும் நிறத்தையும் அது ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனாலும் வெறுங்காலுடன் வந்து நின்ற ஓர் இந்திய முஸ்லிமுக்கு அதன் வாசல் திறந்தது. நம் பிள்ளைக்கு இன்னொருவர் திறந்த வாசலை நினைத்து நெஞ்சம் நிறைகிறதல்லவா? நம் வாசலில் வெறுங்காலுடன் நிற்பவன் யார் என்று பார்க்கும் கடமையும் அங்கேயே பிறக்கிறது.

வீழ்ச்சியும் மீட்சியும்

ஐந்து ஆண்டுப் பட்டங்களின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வங்கத்தில் அரசியல் கசந்துகொண்டிருந்த காலம் அது. ஆட்டத்தின் வெற்றி தோல்வி சமூகங்களின் வெற்றி தோல்வியாக வளர்க்கப்பட்டது. கூட்டத்தில் கைகலப்புகள் நிகழ்ந்தன. 1947-இல் நாடு பிரிந்தபோது கழகம் தன் நிர்வாகிகளிலும் வீரர்களிலும் ரசிகர்களிலும் பலரை எல்லைக்கு அப்பால் இழந்தது. டாக்காவில் இதே பெயரில் இயங்கிய கழகம் தன் வழியில் வளர்ந்தது. கொல்கத்தாவில் எஞ்சியிருந்தோர் கழகத்தை மூடிவிடவில்லை. 1948-இல் மீண்டும் லீக் பட்டத்தை வென்றார்கள். பிரிவினைக்குப் பின் இந்நாட்டிலேயே வாழ்வோம் என்று நின்ற மக்களுக்கு அந்தப் பட்டம் எத்தனை ஆறுதல் தந்திருக்கும்!

பின்னர் 1957, 1967, 1981 என்று பட்டங்களின் இடைவெளி நீண்டது. 1983, 1984 ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பை கிடைத்தது. இக்காலத்தில் கழகத்தின் வாசல் மாறிவிட்டிருந்தது. முஸ்லிம் அல்லாதோரும் கறுப்பு வெள்ளைச் சட்டை அணிந்து ஆடத் தொடங்கியிருந்தனர். நைஜீரியாவிலிருந்து வந்து இந்தியக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற சீமா ஒகோரி, 1985-இல் முதலில் ஆடியது இக்கழகத்துக்கே. பெயர் மாறவில்லை. பிறை மாறவில்லை. வாசல் மட்டும் அகன்றது.

1981-க்குப் பின் 40 ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டம் எட்டவில்லை. 2021-இல் அது மீண்டும் கிடைத்தது. 2022-இலும் 2023-இலும் தொடர்ந்தது. 2024-இல் ஐ-லீக். அந்த அணியின் பயிற்சியாளர் ஆந்திரே செர்னிஷோவ் ரஷ்யர். வீரர்களில் வங்காளிகளும் மிசோரம் இளைஞர்களும் இருந்தனர். அர்ஜெண்டினாவிலிருந்து வந்தவரும் உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்தவரும் இருந்தனர். ரமலானின் கடைசிப் பத்தில் முஹம்மது (ஸல்) அவர்களின் பெயர் தாங்கிய கழகத்துக்குக் கோப்பையை வென்று கொடுத்தவர்கள் இப்படிப் பல சமயத்தார். அதனால் அப்பெயருக்கு ஏதும் குறைந்ததா? கூடியது என்றே நாங்கள் கருதுகிறோம்.

அவ்வெற்றியால் கழகம் இந்தியன் சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. அந்தப் பெரிய அரங்கில் அதன் முதல் வெற்றி 2024 செப்டம்பரில் நம் சென்னையிலேயே, சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராக 1-0 என்று கிடைத்தது. ஆனால் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஊதியம் நிலுவையில் இருந்ததால் வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். பயிற்சியாளர் 2025 ஜனவரியில் விலகினார். பருவத்தின் முடிவில் 13 அணிகளில் கழகம் கடைசி இடத்தில் நின்றது.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்தின் தூதர் பெயரைத் தாங்கிய இடத்தில் கூலி தாமதமாவது வருத்தம் தரும் செய்தி. பெயர் நம்முடையது என்பதால் மட்டும் செயல் நம்முடையதாகிவிடாது. பெயர் ஓர் அமானிதம். அதைத் தாங்குவோர் அதற்கேற்ப நடந்தால்தான் அது பெருமை தரும்.

நம் பெயர் இல்லாத இடத்தில் நம்மவர்

இதற்கு நேர்மறையான ஒன்றையும் பார்க்கலாம். கழகத்தின் பெயரில் நம் அடையாளம் இல்லாத இடத்தில் ஒரு முஸ்லிம் எப்படி நிற்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பஷர் ஹூலி எடுத்துக்காட்டு. அங்கே நீள்வட்டத் திடலில், முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் கடத்தி, அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஒருவகைக் கால்பந்து மிகப் புகழ்பெற்றது. மெல்போர்னின் ரிச்மண்ட் கழகம் அவ்விளையாட்டில் 1885 முதல் இருந்துவரும் பழைய கழகம். 1980-க்குப் பின் 37 ஆண்டுகள் பட்டமில்லாமல் தவித்த அக்கழகம் 2017, 2019, 2020 ஆண்டுகளில் வென்றது. லெபனான் வழிவந்த ஹூலி அம்மூன்று வெற்றிகளிலும் ஆடியவர். தொழுகையையும் நோன்பையும் பேணுபவர் என்று வெளிப்படையாக அறியப்பட்டவர். மெல்போர்னின் பெருந்திடலில் தொழுகைக்கென அறை ஒதுக்கும் அளவுக்கு அங்கே நிலை மாறியது. தம் பெயரில் அறக்கட்டளை அமைத்து முஸ்லிம் இளைஞர்களை அவர் வழிநடத்தி வருகிறார்.

ஹூலி தம் அடையாளத்தை மறைக்கவில்லை. ரிச்மண்ட் அவருக்கு வாசலை அடைக்கவில்லை. ஸலீமும் செல்டிக்கும் அப்படியே. தன் பெயரோடு நிற்பதும், பிறருக்கு இடம் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவை போதுமான சான்றுகள்.

எங்கள் முடிவுக்கு நாங்கள் வைக்கும் கருத்துகள்

விளையாட்டே வீண் என்று கருதும் பெரியவர்களுக்கு ஒரு சொல். நபிகளார் (ஸல்) அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அனுமதித்ததையும் நம் ஆலிம்கள் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். விளையாட்டு தொழுகையை விழுங்கக் கூடாது, சூதாகக் கூடாது, பகையாகக் கூடாது. இவ்வெல்லைகளுக்குள் உடலை வலுப்படுத்துவது மார்க்கம் வரவேற்கும் செயல்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். அணிக்கு நம் அடையாளமுள்ள பெயர் இருக்கட்டும். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அப்பெயருக்குக் கீழே ஆடும் உரிமை திறமையும் ஒழுக்கமும் உள்ள எவருக்கும் இருக்கட்டும். மலைப் பிள்ளைகள் நால்வரும் முதல் நாளிலிருந்தே அணியின் உறுப்பினர்களாக எழுதப்பட வேண்டும். ஆள் குறையும்போது அழைத்து, ஆள் நிறைந்தபோது வெளியே நிறுத்தும் வழக்கம் வேண்டாம். 'நாளைக்கு ஒரு சொல் வந்தால்' என்று அஞ்சும் பெரியவருக்கும் எங்கள் பதில் இதுவே: சேர்த்துக்கொண்டதற்காக ஒரு சொல் வருமானால் அதைத் தாங்கலாம். மலையிலிருந்து வந்தவன் என்பதற்காகத் தள்ளிவிட்டோம் என்ற சொல் மறுமையில் வந்தால் அதை எப்படித் தாங்குவோம்?

பயிற்சி அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியட்டும். தொழுகைக்குப் போகிறவர்கள் போகட்டும். தொழாத பிள்ளைகளை யாரும் வற்புறுத்த வேண்டாம், ஏளனமும் வேண்டாம். முழங்கால் மறையும் கால்சட்டையே அணியின் உடையாக இருக்கட்டும். ஆடுவோரிடம் நுழைவுக்கட்டணம் வாங்கி அதையே பரிசாக்கும் போட்டிகளில் சூதின் சாயல் இருப்பதாக உலமாக்கள் எச்சரிப்பதால், அத்தகைய போட்டிகளில் சேருமுன் அவர்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்வோம். வரவு செலவு மாதந்தோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். பயிற்சி தருபவருக்குப் பேசிய தொகை பேசிய நாளில் போய்ச் சேரட்டும். முஹம்மதன் ஸ்போர்டிங்கின் அண்மைக்காலத் துயரம் இதையேனும் நமக்குக் கற்றுத்தர வேண்டும்.

பெண் பிள்ளைகளும் விளையாட இடம் கேட்கிறார்கள். அவர்களுக்கென ஒதுக்கமான இடமும் நேரமும் தாய்மார்களின் மேற்பார்வையும் அமைத்துத் தருவது பெரிய காரியமன்று. ஓட்டப்பந்தயத்தில் அன்னை ஆயிஷா (ரலி) ஓடியதைச் சொல்லிக்கொண்டே நம் பெண் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைப்பது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அணியின் முதல் செலவாகச் சில இணைக் காலணிகள் வாங்கப்படட்டும். வசதி இல்லாத பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்தவராயினும், அவை முதலில் போகட்டும். 1930-களில் கொல்கத்தாவில் ஒரு கழகம் எடுத்த நல்ல முடிவுகளுள் தலையாயது அதுதான். கல்வராயன் மலையின் பிள்ளை ஒருவன் ஊர் சூட்டிய அவச்சொல்லை உதறிவிட்டு, நல்ல ஆட்டக்காரன் என்ற பெயரோடு தன் கிராமத்துக்குத் திரும்பும் நாள் வந்தால், அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கருத்துகளை வைக்கவிருக்கிறோம். உங்கள் ஊர்களில் இத்தகைய அணிகளை நடத்துவோர் தம் அனுபவத்தை எங்களுக்குச் சொன்னால் நன்றியுடன் ஏற்போம். நம் பிள்ளைகளையும், நம்மை நம்பி நம்மோடு ஓடும் பிற பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் தீமைகளிலிருந்து காப்பானாக. நாம் தாங்கும் பெயருக்குத் தகுதியானவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.